‘பூட்’ என்ற ஒரு சொல், ஓராயிரம் குழப்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பயன்பாட்டுக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் வேலை. மாலையில் சிலருக்கு ஆங்கிலமும் சொல்லித் தருகிறேன். இரண்டு இடத்திலும் ‘பூட்’ என்ற சொல்லைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கார் வாங்கப் போனவர், கம்ப்யூட்டர் பழுதானவர், செய்தித்தாள் படிப்பவர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பூட்டுக்கும் ஷூவுக்கும் என்ன வித்தியாசம்? நாம எல்லாத்தையும் பூட்ஸ்னுதானே சொல்றோம்?

கணுக்காலுக்குக் கீழே நின்றுவிட்டால் ஷூ. கணுக்காலை மூடி மேலே ஏறினால் பூட். சில பூட்டுகள் முழங்கால் வரைகூடப் போகும். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ‘பூட்ஸ்’ என்பது பன்மை, அதாவது ஒரு ஜோடி. தமிழில் அந்தப் பன்மையே ஒருமையாகிவிட்டது. “ஒரு பூட்ஸைக் காணோம்” என்று இயல்பாகச் சொல்கிறோம். தமிழுக்குள் அது பிழையே இல்லை. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும், ஒற்றைக் காலுக்குரியது ‘பூட்’ என்பதை நினைவில் வையுங்கள்.

நம் ஊர்ப் பேச்சில் பள்ளிப்பிள்ளை போடும் கறுப்பு ஷூவுக்கும் பூட்ஸ் என்றே பெயர். இலங்கைத் தமிழர் அதையே சப்பாத்து என்பார்கள். அது போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல்.

கம்பூட்ஸுக்கு ஏன் வெலிங்டன்னு பேரு? அது ஊட்டிப் பக்கம் இருக்கிற ஊரு இல்லையா?

இரண்டும் ஒரே மனிதரின் பெயரால் வந்தவை. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் கோமகன். இளம் அதிகாரியாக இந்தியாவில் இருந்தவர். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரிலும் பங்கெடுத்தவர். குன்னூருக்குப் பக்கத்தில் ராணுவக் கல்லூரி இருக்கும் வெலிங்டன், அவர் பெயரைத் தாங்கிய ஊர்.

லண்டனில் தன் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, அன்றைய ராணுவ பூட்டைத் தொந்தரவில்லாத வடிவத்துக்கு அவர் மாற்றிக்கொண்டார். அது அப்போது தோல்தான். 1850-களில் ஹைராம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் பிரான்சில் அதே வடிவத்தை ரப்பரில் செய்யத் தொடங்கினார். ரப்பருக்கு ‘கம்’ என்றும் பெயருண்டு. கான்கிரீட் போடுபவர்களும் சாக்கடை சுத்தம் செய்பவர்களும் அணியும் கம்பூட்ஸ் அந்த வழியில் வந்தது.

கார் விளம்பரத்துல ‘பூட் ஸ்பேஸ் 380 லிட்டர்’னு போடறான். டிக்கிதானே அது? தண்ணியா ஊத்தப் போறோம், எதுக்கு லிட்டர்?

டிக்கியேதான். குதிரை பூட்டிய கோச் வண்டிகளில் மூட்டை முடிச்சு வைக்கும் பெட்டிக்கு ‘பூட்’ என்று பெயர் இருந்தது. கார் வந்தபோது பிரிட்டன் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் காரின் பின்னால் ட்ரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள், அதனால் அங்கே அது ‘ட்ரங்க்’. பழைய கார்களின் பின்புறம் மடக்கித் திறக்கும் ஒரு கூடுதல் இருக்கை இருக்கும், அதன் பெயர் டிக்கி சீட். நாம் அதைப் பிடித்துக்கொண்டோம்.

லிட்டர் என்பது கொள்ளளவு. 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள கட்டைகளை அடுக்கிப் பார்ப்பது பரவலாக உள்ள ஒரு முறை. ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். எத்தனை கட்டை பிடிக்கிறதோ அத்தனை லிட்டர். கார் வாங்குபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜன்னல் மட்டம் வரை அடுக்கினார்களா, கூரை வரையா, பின் இருக்கையை மடக்கிய பிறகா என்பதைப் பொறுத்து எண் மாறும். இரண்டு கார்களை ஒப்பிடும்போது அளந்த விதமும் ஒன்றாக இருக்க வேண்டும். சிஎன்ஜி கார் என்றால் சிலிண்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று டிக்கியைத் திறந்து கண்ணால் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரிய சூட்கேஸைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதை நான் எந்த எண்ணையும்விட நம்புவேன்.

பையன் அமெரிக்காவில இருக்கான். ‘காருக்கு பூட் போட்டுட்டாங்க’ன்னு போன்ல சொல்றான். டிக்கி மாத்தினாங்களா?

இல்லை, சக்கரத்துக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள். முந்தைய கேள்வியில் சொன்னபடி டிக்கிக்கு அங்கே வேறு பெயர். அபராதம் கட்டாத கார் நகராதபடி சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கவசத்தைத்தான் அமெரிக்கர்கள் பூட் என்கிறார்கள். 1955-ல் டென்வர் நகரில் பயன்பாட்டுக்கு வந்ததால் ‘டென்வர் பூட்’ என்றும் சொல்வார்கள். அதை உருவாக்கிய ஃபிராங்க் மாருக் அந்நகரின் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். அபராதத்தைக் கட்டினால் கழற்றிவிடுவார்கள்; கழற்றாமல் வண்டியை எடுத்தால் செலவு இன்னும் ஏறும். பையனிடம் சொல்லுங்கள்.

‘பூட்’டும் ‘பூட்டு’ம் ஒரே சொல்லா அப்போ?

தற்செயல் ஒற்றுமை. பூட்டுதல் பழந்தமிழ்ச் சொல். ஏரில் மாட்டைப் பூட்டுவதும் வில்லில் நாண் பூட்டுவதும் அதே வினைதான். டென்வர் பூட் சக்கரத்தைப் பூட்டுவதால் ஒன்றுபோலத் தோன்றுகிறது, அவ்வளவே.

மெக்கானிக் ‘ஆக்சில் பூட் கிழிஞ்சிருக்கு, உடனே மாத்தணும்’ங்கிறார். வண்டி நல்லாத்தான் ஓடுது. நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். நீங்களே பார்த்து உறுதிசெய்யவும் முடியும். முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில், எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் இரு முனையிலும் மூட்டு உண்டு. அந்த மூட்டுக்குள் கிரீஸ் நிறைத்து, மேலே மடிப்பு மடிப்பான ரப்பர் உறை போட்டிருப்பார்கள். பூட் போட்ட கணுக்கால் போலவே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

ரப்பர் வெடித்தால் சக்கரம் சுழலச் சுழலக் கிரீஸ் வெளியே தெறிக்கும். தூசியும் மழைத்தண்ணீரும் உள்ளே போகும். முதலில் ஒன்றுமே தெரியாது. பிறகு ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வளையும்போது டக் டக்கென்று சத்தம் வரும். சத்தம் வந்துவிட்டால் மூட்டே தேய்ந்துவிட்டது என்று பொருள், செலவு பல மடங்கு. இப்போதே ரப்பரை மட்டும் மாற்றினால் சிறு தொகையோடு முடியும். சந்தேகமிருந்தால் சக்கரத்தின் உட்பக்கத்தை எட்டிப் பாருங்கள். கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் அவர் சொன்னது உண்மை.

இதே வகைப் பெயர் விமானத்திலும் இருக்கிறது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் ஏடிஆர் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை தெரியும். அது ‘டீ-ஐசிங் பூட்’. குளிர்ந்த மேகத்தில் இறக்கைமேல் பனி உறைந்தால், அந்த ரப்பருக்குள் காற்று செலுத்துவார்கள். அது உப்பி, பனியை உடைத்து உதிர்க்கும்.

கம்ப்யூட்டர் ‘பூட் ஆகுது’ன்னா என்ன? ஷூவுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

என்னிடம் மிக அதிகமாக வந்த கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பூட்டின் மேல்விளிம்பில் ஒரு சின்னத் தோல் வார் இருக்கும். காலை நுழைத்துவிட்டு அதைப் பிடித்து இழுத்தால் பூட் ஏறும். அந்த வாருக்கு ‘பூட்ஸ்ட்ராப்’ என்று பெயர். “தன் பூட் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்வது” என்று 19-ம் நூற்றாண்டில் ஒரு சொல்வழக்கு இருந்தது. நடக்கவே முடியாத காரியம் என்பதுதான் அன்று அதன் பொருள். பிறர் உதவியில்லாமல் முன்னேறுவது என்ற பொருள் பின்னால் வந்தது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்ற, ஏற்றித்தர ஒரு நிரல் வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்ததும் நினைவகம் காலியாகிவிடுகிறது. மறுபடி மின்சாரம் கொடுத்தால், முதல் நிரலை ஏற்றுவது யார்? தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் அதே சிக்கல். 1970-களின் சிறு கம்ப்யூட்டர்களில் முகப்பிலுள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி, முதல் சில கட்டளைகளை மனிதரே கையால் நுழைத்த காலம் உண்டு. அதற்கும் முன்னால், 1950-களின் ஐபிஎம் 701-ல் ‘லோட்’ என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளை அட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ முதல் துண்டைப் படிக்கும், அந்தத் துண்டு மீதியை ஏற்றும். சிறியது பெரியதை இழுத்து வருகிற இந்த முறைக்கு ‘பூட்ஸ்ட்ராப்’ என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் அது சுருங்கி ‘பூட்’ ஆயிற்று.

இன்றைக்கும் நடப்பது அதேதான். அழியாத சிப் ஒன்றில் எழுதப்பட்ட சின்ன நிரல் முதலில் விழிக்கிறது. பழைய கணினிகளில் அது பயாஸ், புதியவற்றில் யூஈஎஃப்ஐ. அது நினைவகம், விசைப்பலகை எல்லாவற்றையும் சரிபார்க்கிறது. பிறகு வட்டில் இருக்கும் ‘பூட் லோடர்’ என்ற அடுத்த நிரலை எழுப்புகிறது. அது விண்டோஸையோ லினக்ஸையோ ஏற்றுகிறது. பென் டிரைவை ‘பூட்டபிள்’ ஆக்குவது என்றால், அந்த எழுப்பும் நிரலையும் சேர்த்து அதில் வைப்பது. வெறுமனே கோப்புகளை நகலெடுத்துப் போட்டால் பல நேரங்களில் வேலை செய்யாததற்குக் காரணம் இதுவே.

ஷட் டவுன் பண்ணி ஆன் பண்றதும் ரீஸ்டார்ட்டும் ஒண்ணுதானே? கோல்ட் பூட், வார்ம் பூட்னு வேற சொல்றாங்க.

மின்சாரம் இல்லாத நிலையிலிருந்து எழுவது கோல்ட் பூட். ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி முதலிலிருந்து தொடங்குவது வார்ம் பூட். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் வார்ம் பூட்டுக்காகவே கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தும் முறையை டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் வைத்தார். தவறுதலாக ஒரு கையால் அழுத்திவிடக் கூடாது என்றுதான் விசைகளைத் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுத்தார்.

விண்டோஸ் 8 முதல் ஒரு திருப்பம் நடந்திருக்கிறது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப்பகுதியை வட்டில் சேமித்துவைத்து, மறுபடி ஆன் செய்யும்போது அப்படியே எடுத்துக்கொள்கிறது. அதனால் சீக்கிரம் எழுகிறது, ஆனால் பழைய கோளாறும் கூடவே எழலாம். ரீஸ்டார்ட்தான் முழுக்கப் புதிதாகத் தொடங்கும். கணினி மக்கர் செய்தால் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

போன் கம்பெனி லோகோ வருது, அணையுது, மறுபடி லோகோ வருது. ‘பூட்லூப்’ங்கிறான் கடைக்காரன்.

மேலே சொன்ன சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. போன் எழ முயல்கிறது, பாதியில் விழுகிறது, மறுபடி முயல்கிறது. பவர் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பாருங்கள், சேஃப் மோடில், அதாவது நாம் பின்னால் ஏற்றிய செயலிகள் இல்லாத நிலையில், எழுகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்யலாம் என்றால், படங்கள் எல்லாம் அழிந்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

செக்யூர் பூட்னு ஒண்ணு ஆன்ல இருக்கு. அதை ஆஃப் பண்ணினா என்ன ஆகும்?

எழுப்பும் நிரலையே கெடுத்துவிட்டால் மேலே உள்ள எந்தப் பாதுகாப்பும் பயன்படாது. இது பழைய தந்திரம். 1986-ல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ என்ற வைரஸ் ஃபிளாப்பியின் பூட் பகுதியில்தான் குடியேறியது. தங்கள் பெயரையும் முகவரியையும்கூட அதற்குள் எழுதிவைத்திருந்தார்கள். செக்யூர் பூட், எழும் நிரலில் நம்பகமான கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விடும். தெளிவான காரணமில்லாமல் அணைக்காதீர்கள்.

‘பூட்ஸ்ட்ராப்டு கம்பெனி’ன்னு பிசினஸ் பக்கத்துல வருது. கம்ப்யூட்டர் கம்பெனியா?

எந்தத் தொழிலாகவும் இருக்கலாம். வெளி முதலீட்டாளரிடம் பணம் வாங்காமல், கைப்பணத்தையும் வியாபாரத்தில் வந்த லாபத்தையும் போட்டு வளர்ந்த நிறுவனம் என்று பொருள். தன் வாரைத் தானே இழுத்த அதே உவமைதான். நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஜோஹோ. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, ஸ்ரீதர் வேம்புவும் உடனிருந்தவர்களும் வென்ச்சர் முதலீடு வாங்காமலே வளர்த்த நிறுவனம் அது.

புள்ளியியல் படிப்பவர்கள் சந்திக்கும் ‘பூட்ஸ்ட்ராப்’ வேறு. கையிலுள்ள மாதிரியிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து, கணிப்பு எவ்வளவு தடுமாறும் என்று பார்க்கும் முறை. பிராட்லி எஃப்ரான் 1979-ல் முன்வைத்தது. இணையப் பக்கம் வடிவமைப்பவர்கள் சொல்லும் பூட்ஸ்ட்ராப், 2011-ல் ட்விட்டரிலிருந்து வெளிவந்த இலவச மென்பொருள் கட்டமைப்பு.

குண்டர் சட்டச் செய்தியில ‘பூட்லெக்கர்’னு ஒரு வார்த்தை வருதே?

கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், கடத்துபவர், விற்பவர். பூட்டின் கணுக்காலுக்கு மேலுள்ள பகுதி ‘பூட்லெக்’. அதற்குள் சாராயப் புட்டியை ஒளித்துவைத்துக் கடத்தியதிலிருந்து வந்த பெயர். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்தபோது இந்தச் சொல் உலகமெங்கும் பரவியது.

நாம் குண்டர் சட்டம் என்று சுருக்கிச் சொல்லும் 1982-ம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு மிக நீண்ட பெயர். ஆங்கிலத்தில் அதில் முதலில் நிற்பவர்களே ‘பூட்லெக்கர்ஸ்’தான், ‘குண்டாஸ்’ அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள். திருட்டு வீடியோ தயாரிப்பவர்களை 2004-ல் அதே சட்டத்தில் சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் கள்ளப் பதிவுகளுக்கும் ‘பூட்லெக்’ என்றே பெயர். கச்சேரியில் அனுமதியில்லாமல் பதிவுசெய்து சுற்றுக்கு விட்ட ஒலிநாடாவை அப்படித்தான் சொல்வார்கள்.

கோடிங் பூட்கேம்ப்புக்கு ஷூ போட்டுட்டுப் போகணுமா?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி உண்மையிலேயே கேட்டாள். வேண்டாம். அமெரிக்கக் கடற்படையிலும் மரைன் படையிலும் புதிதாகச் சேர்ந்தவரை ‘பூட்’ என்பார்கள். அவர்களைக் கசக்கிப் பிழியும் பயிற்சி முகாம் ‘பூட்கேம்ப்’. சில வாரங்களில் ஒரு திறமையைத் தீவிரமாகச் சொல்லித்தரும் எந்த வகுப்புக்கும் இப்போது அந்தப் பெயர் வைக்கிறார்கள். பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். பாடத்திட்டத்தையும் முன்பு படித்தவர்களையும் விசாரியுங்கள்.

ஃபுட்பால்ல ‘கோல்டன் பூட்’ வாங்கினார்ங்கிறாங்க, ஆபீஸ்ல ‘பூட்’ வாங்கினார்னாலும் நல்லதா?

நேர் எதிர். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கால்பந்து வீரர் அணிவது பூட். உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவருக்குத் தங்க பூட் விருது. 2022-ல் 8 கோல் அடித்த எம்பாப்பேவுக்குக் கிடைத்தது. அலுவலகத்தில் ஒருவருக்கு ‘பூட் கிடைத்தது’ என்றால் வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம், உதைத்து வெளியே தள்ளிய காட்சி அதில் இருக்கிறது. செய்தியில் வரும் ‘பூட்ஸ் ஆன் த கிரவுண்ட்’ என்பது தரைப்படையை நேரில் இறக்குவது. ‘பூட் இப்போது வேறு காலில்’ என்றால் ஆதிக்கம் கைமாறிவிட்டது, நேற்று அடங்கியிருந்தவர் இன்று அதட்டுகிறார்.

கால்பந்து பூட் பற்றிப் பேசும்போது நான் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். 1911 ஜூலை 29-ல் கல்கத்தாவில், பூட்ஸ் அணிந்த பிரிட்டிஷ் ராணுவ அணியான ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை, இந்தியர்களின் கால்பந்துக் கிளப்பான மோகன் பகான் 2-1 என்று வென்றது. மோகன் பகான் அணியில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் இந்திய வீரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 1-2 என்றுதான் தோற்றார்கள்.

ப்ரூஃபன் மாத்திரை ‘பூட்ஸ்’ கம்பெனி கண்டுபிடிச்சதுன்னு படிச்சேன். செருப்புக் கம்பெனியா?

மருந்துக் கம்பெனி. பூட் என்பது அங்கே குடும்பப் பெயர். 1849-ல் ஜான் பூட் என்பவர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் மூலிகை மருந்துக்கடை வைத்தார். அவருடைய மகன் ஜெஸ்ஸி அதைப் பெருநிறுவனமாக வளர்த்தார். அதன் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஆடம்ஸும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்த இபுப்ரோஃபென், 1969-ல் ப்ரூஃபன் என்ற பெயரில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

‘ஹி இஸ் அ டாக்டர், அண்ட் அ சிங்கர் டு பூட்.’ இங்க பூட் எங்கேர்ந்து வந்துச்சு? பாடகர் உதைப்பாரா?

நன்றாகப் படித்தவர்களும் இடறும் இடம் இது. இந்த ‘பூட்’டுக்கும் காலணிக்கும் எந்த உறவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் பரிகாரம், ஈடு, நன்மை என்ற பொருளில் இருந்த வேறொரு சொல் இது. ஒருவரைக் காயப்படுத்தினால் கட்ட வேண்டிய நஷ்டஈட்டுக்கு அன்றைய சட்டங்களில் இதுவே பெயர். ‘பெட்டர்’ என்று நாம் தினமும் சொல்லும் சொல் அதற்கு உறவு. பேரத்தில் மேல்கொண்டு கொடுப்பது என்ற வழியில், இன்று ‘அதோடு கூடவும்’ என்ற பொருளில் வாக்கியக் கடைசியில் நிற்கிறது. “அவர் டாக்டர், பாடகரும்கூட” என்று எழுதினால் போதும். கெட்ட செய்தியாக இருந்தால் “போதாததற்கு” பொருந்தும்.

ஷேக்ஸ்பியர் படிக்கும்போது ‘பூட்லெஸ்’ என்று வரும். செருப்பில்லாத என்று எழுதி மதிப்பெண்ணை இழக்காதீர்கள். பயனற்ற, வீணான என்று பொருள்.

அப்போ ‘பூட்டி’ன்னா கொள்ளைப் பொருள்ங்கிறாங்களே, அது எந்த பூட்?

இரண்டுமே இல்லை. கொள்ளையைக் குறிக்கும் அந்தச் சொல் ஜெர்மானிய வழியில் வந்தது. ஜெர்மனில் இன்றும் ‘பாய்ட்ட’ என்றால் கொள்ளைப்பொருள். அந்த மொழியிலேயே ஆங்கில பூட்டின் அதே எழுத்துக்களில் ஒரு சொல் இருக்கிறது. அதை ‘போட்’ என்று உச்சரிப்பார்கள், படகு என்று பொருள். வாக்குச்சாவடி ‘பூத்’ முற்றிலும் வேறு சொல், ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு.

சரி, பூட்டுக்குத் தமிழ்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்களேன்?

சொல்ல மாட்டேன், ஏனென்றால் அப்படி ஒன்றைத் தேடுவதிலிருந்துதான் இந்தக் குழப்பங்கள் எல்லாம் வருகின்றன. காரில் அது டிக்கி, பட்டறையில் ரப்பர் பூட் என்றே விடுங்கள், எந்த மெக்கானிக்கும் புரிந்துகொள்வார், காவல் துறை போடுவது சக்கரப் பூட்டு, அலுவலகத்தில் வேலைநீக்கம்.

கம்ப்யூட்டருக்குப் பலர் ‘துவக்கு’ என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அது சரி. இலங்கைத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. “துவக்கப் பிழை” என்று திரையில் வந்தால் யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கணம் திகைப்பார். அதனால் என் மொழிபெயர்ப்புகளில் ‘தொடங்கு’ என்றே எழுதுகிறேன். “கணினி தொடங்குகிறது” இரு கரையிலும் புரிகிறது. ‘பூட் லோடர்’ போன்ற கலைச்சொல்லை, பழுதுபார்ப்பவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால், அப்படியே விட்டுவிடுகிறேன்.